பித்தப்பைக் கல்லைத் தடுக்கக் காய்கறி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களின் குறிப்பேட்டைப் புரட்டும்போது, நான் எப்போதோ எழுதிய பக்கத்தையே படிப்பதுபோல இருக்கும். பித்தப்பையில் கல் வந்துவிடக் கூடாது என்று காய்கறிக்கு மாறியிருப்பார்கள். நல்ல முடிவுதான். ஆனால் நான் சறுக்கிய அதே இடத்தில் அவர்களும் சறுக்கியிருப்பார்கள். பொரித்ததைக் குறையுங்கள், இனிப்பைக் குறையுங்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

எண்ணெயை அடியோடு நிறுத்துவது

போன வாரம் வந்த பெண், "ரெண்டு மாசமா ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தொடல மேடம்" என்றார், அவ்வளவு பெருமையாக. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கொலஸ்ட்ராலால் வருகிற கல்தானே, கொழுப்பே வேண்டாம் என்ற இந்தக் கணக்கை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் நானும் அதே கணக்கைப் போட்டவள்.

எட்டு வாரம் அப்படி இருந்தேன். காலையில் ஒன்றும் கிடையாது. மதியம் வேகவைத்த பீன்ஸ், கேரட். இரவு வெள்ளரிக்காய். வாரத்துக்கு இரண்டு கிலோ இறங்கியது. அப்புறம் ஓர் இரவு வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டைவரை ஏறியது. ஸ்கேன் எடுத்தவர் என்னை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். திரையில் வெள்ளைப் புள்ளிகள் நான்கும் உருண்டு இடம் மாறின. ஒவ்வொன்றின் பின்னாலும் கறுப்பாக ஒரு நிழல். கடைசியில் பித்தப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். பித்தப்பை 30 முதல் 50 மில்லி வரை கொள்ளும் சின்னப் பை. கொழுப்பு சிறுகுடலுக்கு வந்தால்தான் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரந்து, அந்தப் பை நன்றாகச் சுருங்கிக் காலியாகும். கொழுப்பே வராவிட்டால் பித்தநீர் தேங்கி, நீர் வற்றிக் கெட்டியாகும். அதே சமயம் உடல் வேகமாக இளைக்கும்போது, சேமிப்பில் கிடந்த கொலஸ்ட்ரால் பித்தநீருக்குள் வந்து சேரும். இரண்டும் கூடினால் கல் உருவாக அதைவிட வசதி வேண்டாம்.

ஒரு வேளையிலாவது காய்கறியோடு 10 கிராம் கொழுப்பு, அதாவது சுமார் இரண்டு டீஸ்பூன் எண்ணெய், சேரட்டும். காலை உணவை விடாதீர்கள். எடை வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைந்தால் போதும். ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் கல் வரும் வாய்ப்பு ஏறுகிறது. ஏற்கெனவே வலி தரும் கல் உள்ளவர்களுக்கு இந்த எண்ணெய்க் கணக்கு பொருந்தாது, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரே காயைப் பிடித்துக்கொள்வது

வெண்டைக்காய், கேரட் போன்றவற்றின் கரையும் நார்ச்சத்து, கொழுப்பைச் செரிக்கப் பித்தநீரோடு குடலுக்கு வரும் பித்த அமிலத்தில் ஒரு பங்கைப் பிடித்து வெளியேற்றுகிறது. அதை ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிதாகப் பித்த அமிலம் செய்கிறது. கீரையின் கரையாத நார் குடலை மந்தமாக விடுவதில்லை. குடல் மந்தமானால் அங்குள்ள பாக்டீரியா உண்டாக்கும் டிஆக்ஸிகோலிக் அமிலம் கூடும். அது பித்தநீரில் கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும். ஆக இரண்டு நாரும் வேண்டும். அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2006இல் வந்த ஆய்வில், காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிட்ட பெண்களுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை குறைவாகவே தேவைப்பட்டது. அதில் கீரை, முட்டைக்கோஸ் வகை, வைட்டமின் சி நிறைந்தவை எல்லாமே இருந்தன.

சாறாக வடிகட்டிக் குடிப்பது

நார் சக்கையோடு போய்விட்டது.

இருக்கும் கல்லைக் காய்கறியால் கரைக்கப் பார்ப்பது

கரையாது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தபின் மலத்தில் வரும் பச்சை உருண்டைகளும் கல் அல்ல. குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகத் திரண்டதுதான். அதைக் கல் என்று நம்பி வலியோடு நாள் கடத்தாதீர்கள். வலியோடு காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.