இணையத்தின் வருங்காலத்தைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க் திட்டமிடலுக்குப் புதிதாக வந்தவர்கள் எழுதும் "அடுத்த ஐந்து ஆண்டுகள்" அறிக்கைகளைத் திருத்துவது இப்போது என் வேலைகளில் ஒன்று. நான் அன்று செய்த தவறுகளே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. பழைய புள்ளிவிவரம், கூட்டல் பிழை எல்லாம் நீங்களே பிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்லது வந்தால் பழையது போய்விடும் என்று நம்புவது

இன்றும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இது. 2011 பிப்ரவரியில், உலகப் பொது இருப்பில் மிச்சமிருந்த ஐபிவி4 முகவரித் தொகுதிகள் பகிர்ந்து தீர்ந்தன (இணையத்தில் சாதனங்களை அடையாளம் காட்டும் எண்கள்தான் இந்த முகவரிகள்). மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். மாற்றான ஐபிவி6 1990களிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு உறுதியாக எழுதிக் கொடுத்தேன்: மூன்று ஆண்டுகளில் எல்லோரும் மாறிவிடுவார்கள், பழைய முகவரிகளை வாங்க வேண்டாம். அப்போது ஒரு தொகுதி மலிவாக விலைக்கு வந்திருந்தது. என் பேச்சைக் கேட்டு அதை விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே அளவைப் பல மடங்கு விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

எங்கே சறுக்கினேன்? முகவரி தீர்ந்ததைப் பார்த்தேன். தீர்ந்தால் ஆட்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்று யோசிக்கவில்லை. ஒரே பொது முகவரியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் நேட் முறை 1994-லேயே எழுதி வெளியிடப்பட்டிருந்தது. அழகான தீர்வு இல்லைதான், ஆனால் ஓடியது. அதோடு, ஐபிவி6 மட்டும் உள்ள கணினியால் ஐபிவி4 மட்டும் தெரிந்த கணினியோடு நேரடியாகப் பேச முடியாது. ஆகவே முதலில் மாறுகிறவர் இரண்டையும் சேர்த்துப் பராமரிக்க வேண்டும். செலவு இன்றைக்கே வரும், முழுப் பலன் மற்றவர்களும் மாறிய பிறகுதான். யார் அவசரப்படுவார்?

1983 ஜனவரி 1-ஐக் கெடுவாக வைத்து இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், இன்றும் இணையம் பயன்படுத்தும் டிசிபி/ஐபி விதிமுறைக்கு மாறவில்லையா என்று கேட்பார்கள். அங்கே இருந்தவை சில நூறு கணினிகள், உத்தரவு போட ஒரு நிர்வாகமும் இருந்தது. இன்றைய இணையத்தில் அப்படி யாரும் இல்லை.

ஐபிவி6-ஐ முனைப்பாக எடுத்துக்கொண்டவர்களில் மொபைல் நிறுவனங்கள் முக்கியமானவை. கோடிக்கணக்கான புதிய இணைப்புகளை நேட்டை வைத்தே ஓட்டுவது அவர்களுக்குப் பெரிய பாரம். அதனால், ஒரு தொழில்நுட்பத்தின் சிறப்புகளை அரைப் பக்கம் அடுக்காதீர்கள். யார் காசு போடுகிறார், யாருக்குப் பலன், மாறாவிட்டால் யாருக்கு வலிக்கும் என்பதை எழுதுங்கள், தயவுசெய்து.

வளர்ச்சிக் கோட்டை அப்படியே நீட்டுவது

1990களின் பிற்பாதியில், இணையப் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்ற பேச்சு எங்கும் இருந்தது. 1995, 96-ல் கொஞ்ச காலம் அது உண்மைதான். அப்புறம் அந்த வேகம் ஏறக்குறைய ஆண்டுக்கு ஓர் இரட்டிப்பாக இறங்கிவிட்டது. 100 நாள் கணக்குப்படி ஓர் ஆண்டில் பன்னிரண்டு மடங்கு வர வேண்டும்! அதை நம்பிப் புதைத்த கண்ணாடி இழைக் கேபிள்களில் பெரும்பகுதி பல ஆண்டுகள் பயன்படாமலே கிடந்தது.

ஆண்டைச் சொல்லாமல் நழுவுவது

"விரைவில்" என்பது கணிப்பு இல்லை.

தவறிய கணிப்பை ஒளிப்பது

அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈத்தர்நெட் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃப், 1996-ல் இணையம் நிலைகுலையும் என்று 1995-ல் எழுதினார். நடக்கவில்லை. 1997-ல் கூட்டத்தினர் முன்னால் அந்தக் கட்டுரையைத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்துச் சாப்பிட்டார். என் 2011 அறிக்கையை நான் கிழிக்கவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே அதைத்தான் படிக்கக் கொடுக்கிறேன்.