முதுகில் வலி, கூடவே கொப்புளம்: தைலத்தைத் தேடுவதற்கு முன்

பெரம்பூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு முதுகின் வலப்பக்கம் சுரீரென்று வலி. "சிலிண்டர் தூக்கினேன், பிடிச்சுக்கிச்சு" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். தைலம், அப்புறம் வெந்நீர் ஒத்தடம். மூன்றாம் நாள் அதே இடத்தில் சிவப்பாகத் தடித்து, நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். தைலம் ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு தைலம் வாங்கினார். ஒருநாள் பெரியம்மா சட்டையைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தார். முதுகுத்தண்டில் தொடங்கி விலாவைச் சுற்றி நெஞ்சுப்பக்கம் வரை ஒரு பட்டை. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை.

அது அக்கி. வலி வேறு, தடிப்பு வேறு என்று பிரித்துப் பார்த்ததுதான் முதல் தவறு. சின்னம்மை போன பிறகும் அதன் வைரஸ் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு வேர்களில் பல வருடம் தூங்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வரும். அதனால்தான் வலி முதலில், கொப்புளம் சில நாள் கழித்து. அதுவும் உடம்பின் ஒரே பக்கம். தசைப்பிடிப்பு என்றால் குனிந்தால் நிமிர்ந்தால் வலி கூடும். இதுவோ சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரியும், சட்டை உரசினாலே தாங்காது.

அடுத்தது அக்கி எழுதப் போவது. காவியைக் குழைத்துச் சிங்கம் வரைவதை நான் கேலி செய்யமாட்டேன், எங்கள் பாட்டியே கூட்டிப் போனவர்தான். ஆனால் கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும், பெயர் காவிக்குப் போகும். உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கலாம். அதைவிட முக்கியம், நாள் போய்விடும். அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாதிரி மாத்திரைகளைத் தடிப்பு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். பெரியப்பா தொடங்கியது ஆறாம் நாள். தோல் ஆறி நான்கு மாதமாகியும் வீட்டில் சட்டை போடாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். நரம்பு வலி போகவில்லை. 50 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு டோஸ் தடுப்பூசி இருக்கிறது. விலைதான் அதிகம், டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். நெற்றியிலோ கண் பக்கமோ அக்கி வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

தொற்றுமா? அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். பொருக்குத் தட்டும்வரை மூடி வையுங்கள், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தள்ளியே இருக்கட்டும்.

எல்லாமே அக்கி இல்லை, சரி. அக்டோபர் மழையில் தொடங்கி டிசம்பர் வரை காய்ச்சல், முதுகுவலி, இரண்டு மூன்று நாளில் உடம்பெல்லாம் சிவப்பு என்றால் சென்னைக்காரர் முதலில் நினைக்க வேண்டியது டெங்கு. மெடிக்கல் ஷாப்பில் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வாங்கிப் போடுவது இங்கே ஆபத்தான தவறு, ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் போதும், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகிவிட வேண்டாம். வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம் எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

மாத்திரை போட்ட பிறகு தடிப்பு வந்ததா? அந்த அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். வாய் புண்ணாகி, கண் சிவந்து, தோல் உரிந்தால் அவசரம். கழுத்தை வளைக்க முடியாத காய்ச்சலோடு, கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத செம்புள்ளி இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். முழங்கையிலும் தலையிலும் வெள்ளைச் செதில் நாள்பட இருந்து, காலையில் முதுகு அரை மணிக்கு மேல் விறைத்துக்கொண்டால் இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும். தினமும் சூட்டுப் பை வைத்த இடத்தில் வலைப்பின்னல் மாதிரி பழுப்பு விழுந்தால் அது அந்தச் சூட்டின் வேலைதான்.

டாக்டரிடம் போகுமுன் காவி, களிம்பு, தைலம் எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள். முதல் நாள் எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் இருந்தால் நல்லது. பாதிப் பேருக்கு எது முதலில் வந்தது என்பதே மறந்துபோகிறது.