ஆடிச் சாரலில் பீரோவைக் காப்பது: வீட்டு ஈரப்பதத்தை அளந்து குறைக்கும் முறை

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றின் குளிர்ச்சியைப் பொள்ளாச்சியில் எல்லோரும் புகழ்வார்கள். பீரோவுக்குள் பட்டுச்சேலை பூசணம் பூப்பதையும், நாட்டுச்சர்க்கரை டப்பாவுக்குள்ளேயே கசிந்து பிசுபிசுப்பதையும் யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் இந்த ஆடியில் இரண்டுமே இல்லை. செய்தது இதுதான்.

1. வெப்பநிலையும் காட்டும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் மானி) ஒன்றை வாங்குங்கள். முள் வைத்தது சுவருக்கு அழகு, அவ்வளவுதான். கைப்பேசியில் வரும் வானிலை எண் உங்கள் படுக்கையறைக்குப் பொருந்தாது.

2. வாங்கியதை அப்படியே நம்பாமல் உப்பை வைத்துச் சோதியுங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு ஈர மணல் போல இருக்க வேண்டும். கரைந்து மேலே தண்ணீர் நின்றால் சோதனை கெட்டது, எண் தவறாக ஏறிவிடும். மூடியையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஓர் இரவு திறக்காமல் விடுங்கள். காலையில், டப்பா மூடியிருக்கும்போதே எண்ணைப் பாருங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துச் சொல்கிறது. அதை ஒரு சீட்டில் எழுதிப் பின்புறம் ஒட்டிவிடுங்கள். கல் உப்பு வேண்டாம். அதில் கலந்துள்ள வேறு உப்புகள் கணக்கைக் குழப்பும்.

(பீரோவில் கிண்ணம் நிறைய உப்பு வைத்தால் ஈரம் போகும் என்பார்கள். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுக்கும். நமக்கு வேண்டியதோ 40 முதல் 60 வரை.)

3. ஜன்னலை எப்போது திறப்பது? உள்ளேயும் வெளியேயும் உள்ள சதவீதங்களை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். சூடான காற்று அதிக நீரைத் தாங்கும்: ஒரு கன மீட்டரில் 20 டிகிரியில் சுமார் 17 கிராம், 25 டிகிரியில் 23, 30 டிகிரியில் 30. மானி காட்டும் சதவீதம், இந்த அளவில் எத்தனை பங்கு நீர் காற்றில் இருக்கிறது என்பதுதான். ஆகவே 25 டிகிரியில் 80 சதவீதமும் (23 × 0.80 = 18.4 கிராம்), 30 டிகிரியில் 60 சதவீதமும் (30 × 0.60 = 18 கிராம்) ஏறக்குறைய ஒரே அளவு நீர்தான். மானியைத் திண்ணையில் சிறிது நேரம் வைத்து, இப்படிப் பெருக்கிப் பாருங்கள். வெளியே கிராம் குறைவாக இருந்தால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் சாத்தி வையுங்கள்.

4. துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். வழியில்லையென்றால் ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிடுங்கள். சோறு வேகும்போதும் குளித்த பிறகும் அதே விசிறிதான். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஏர்கூலர் ஆடி மாதத்தில் பரணுக்குப் போகட்டும். அது காற்றில் நீரைச் சேர்க்கும் கருவி.

5. இத்தனைக்கும் 65க்குக் கீழே இறங்கவில்லையென்றால்தான் கருவி. ஏசி இருந்தால் முதலில் அதன் ‘டிரை’ நிலையைப் பயன்படுத்துங்கள். தனியாக வாங்குவதென்றால் கம்ப்ரஸர் வைத்த டிஹியூமிடிஃபையரே (காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் கருவி) என் தேர்வு. பீரோவுக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போதும். சூடாக்கி உலர்த்தினால் மறுபடி உழைக்கும். ஈரத்தை இழுத்து நீராகச் சேர்க்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் எனக்குப் பிடிக்காது; சேரும் நீர் சேலையில் கொட்டினால் கறைதான் மிச்சம்.

பின்சேர்க்கை: ஈரோட்டிலிருந்து ஒருவர், சித்திரையில் தன் மானி 30க்கும் கீழே காட்டுவதாக எழுதியிருந்தார். அங்கே அப்போது ஏர்கூலர்தான் மருந்து. ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும்.

எண் இறங்கியும் ஒரு சுவர் மட்டும் நனைந்தே இருக்கிறது என்றும் சிலர் கேட்டார்கள். அந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு புறமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்தால் அது சுவரின் ஓதம், எந்தக் கருவியும் தீர்க்காது. மொட்டைமாடி விரிசலையும் குழாய்க் கசிவையும் பார்க்கக் கொத்தனாரைப் பங்குனியிலேயே அழைத்துவிடுங்கள். ஆடியில் அழைத்தால், சாரல் நிற்கட்டும் என்றுதான் சொல்வார்.