பிராங்பர்ட்டிலிருந்து மஸ்கட்டுக்கு: சீட்டு எடுக்கும் முன்

பிராங்பர்ட்டிலிருந்து மஸ்கட்டுக்குப் பயணத்தைத் திட்டமிடுபவர்கள், ஓமானில் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறாதிருக்க, ஜெர்மனியில் மட்டும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று நேரம் மாற்றப்படுவதால், இரு ஊர்களுக்கும் இடையிலான வேறுபாடு கோடையில் 2 மணி நேரமாகவும் குளிர்காலத்தில் 3 மணி நேரமாகவும் இருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். தோகாவிலோ துபாயிலோ விமானம் மாறுவதாயின், இரு கட்டங்களையும் ஒரே முன்பதிவில் எடுப்பதே நல்லது. தனித்தனியாக எடுத்தால் சற்று மலிவாகத் தோன்றலாம், ஆனால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறிவிட்டால், புதிய சீட்டின் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலில் முஸ்லிம் அல்லாத பார்வையாளர்களுக்கு வெள்ளியன்று அனுமதி இல்லை. மற்ற நாட்களிலும் முற்பகலில் மட்டுமே உண்டு. ஆகவே, ஒரு நாள் மட்டும் தங்குபவர்கள் வியாழன் இரவு விமானத்தைத் தவிர்க்கலாம்.