சாஃப்ட் லாஞ்ச்: அர்த்தம் என்ன, எப்படிச் செய்வது, எங்கே சொல்லக் கூடாது

புதிய பொருள், ஆப், கடை, எதுவாக இருந்தாலும் சரி, அதை எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்துவிடாமல், பெரிய விளம்பரம் இல்லாமல் முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் விற்க ஆரம்பிப்பதுதான் சாஃப்ட் லாஞ்ச். இது பலருக்கும் தெரியும். ஆனால் கொஞ்சம் பேருக்கு விற்றாலே சாஃப்ட் லாஞ்ச் ஆகிவிடாது. அவர்களிடமிருந்து தெரிந்துகொண்டதை வைத்துப் பொருளை மாற்றவோ, தேவைப்பட்டால் நிறுத்தவோ உங்களுக்கு இன்னும் இடம் இருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை அந்த இடம் இல்லையென்றால் அது சின்ன லாஞ்ச், அவ்வளவுதான்.

படி 1: பக்கத்து வார்த்தைகளிலிருந்து பிரித்துப் பாருங்கள்

பீட்டா என்றால் பொருள் இன்னும் முடியவில்லை, பிழை இருக்கும் என்று சொல்லியே கொடுக்கிறீர்கள், பெரும்பாலும் காசும் வாங்க மாட்டீர்கள். சாஃப்ட் லாஞ்சில் பொருள் தயார், நிஜ விலை, நிஜ பில். லிமிடெட் எடிஷனில் எண்ணிக்கை குறைவு என்பதே விற்பனை உத்தி, அது கடைசிவரை குறைவாகவே இருக்கும். சாஃப்ட் லாஞ்சோ நன்றாகப் போனால் எல்லோருக்கும் வரப்போகிற பொருள்.

ஃபிளாஷ் சேல், அதாவது குறைந்த சரக்கைக் குறித்த நேரத்தில் சட்டென்று விற்றுத் தீர்ப்பது, அதையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2014 செப்டம்பரில் ஃபிளிப்கார்ட்டில் ஷாவ்மியின் ரெட்மி 1எஸ் 40,000 போன்கள் சில நொடிகளில் விற்றுத் தீர்ந்தன, நினைவிருக்கலாம். சரக்கு குறைவுதான், ஆனால் நாடே காத்திருக்க அறிவித்து வைத்த விற்பனை அது. அதைச் சாஃப்ட் லாஞ்ச் என்று யாரும் சொல்வதில்லை.

சாஃப்ட் லாஞ்சுக்கு ஜியோ நல்ல உதாரணம். 2015 டிசம்பர் கடைசியில் முதலில் தங்கள் ஊழியர்களுக்கு மட்டும் சேவையைத் திறந்தார்கள், பொதுமக்களுக்கு வந்தது 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி. நடுவில் எட்டு மாதத்துக்கும் மேல் நிஜமான ஆட்கள் நிஜமான நெட்வொர்க்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

படி 2: முதலில் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

கடைசியில் யாருக்கு விற்கப்போகிறீர்களோ அவர்களைப் போலவே இருக்கிற, ஆனால் எண்ணிக்கையில் சின்னதான ஒரு கூட்டம் வேண்டும். மொபைல் கேம் கம்பெனிகள் பலவும் கனடாவில் ஆரம்பிப்பது இதனால்தான்: மொழியும் ரசனையும் அமெரிக்காவுக்கு நெருக்கம், மக்கள்தொகையோ பல மடங்கு குறைவு.

நீங்கள் கோயம்புத்தூரில் இட்லிப் பொடி விற்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் பிரமாதம் என்றுதான் சொல்வார்கள். உங்களை யாரென்றே தெரியாத இரண்டு அபார்ட்மெண்ட்களில் முழு விலைக்கு விற்றுப் பாருங்கள். பாதி விலைக்கு வேண்டாம், ஏனென்றால் பொடி பிடித்ததா விலை பிடித்ததா என்று அப்புறம் பிரிக்கவே முடியாது. இன்னொரு விஷயம், கொஞ்சம் பேருக்குத்தானே என்று உணவுப் பாதுகாப்புப் பதிவையும் லேபிளையும் தள்ளிப் போடாதீர்கள், சட்டத்தின் கண்ணில் விற்பனை விற்பனைதான்.

படி 3: எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்று ஆரம்பிக்கும் முன்பே எழுதி வையுங்கள்

நிறையப் பேர் தாண்டிப் போகிற படி இது, எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. பொடிக்கு என்றால் ஒரே ஒரு கேள்வி போதும்: முதல் பாக்கெட் தீர்ந்ததும் நாம் கேட்காமலே அவர்களாக மறுபடி வாங்குகிறார்களா? எத்தனை பேர் வாங்கினால் பெரிதாகச் செய்வீர்கள், எத்தனைக்குக் கீழே போனால் ருசியை மாற்றுவீர்கள் என்று விற்பதற்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். விற்ற பிறகு எழுதினால் மனசு தனக்குப் பிடித்த எண்ணைத்தான் எழுதும்.

ப்ரால் ஸ்டார்ஸ் கேமின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்லாந்தின் சூப்பர்செல் அதை 2017 ஜூனில் கனடாவில், ஐபோனுக்கு மட்டும் சாஃப்ட் லாஞ்ச் செய்தது. அப்போது போனை நிமிர்த்திப் பிடித்துதான் ஆட வேண்டும், திரையைத் தட்டினால் பாத்திரம் நகரும். இதே கம்பெனியின் கிளாஷ் ராயல் 2016 ஜனவரியில் சில நாடுகளில் சாஃப்ட் லாஞ்ச் ஆகி மார்ச்சிலேயே உலகம் முழுக்க வந்துவிட்டது, அதனால் ப்ரால் ஸ்டார்ஸும் சீக்கிரம் வந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள், ஆனால் வரவில்லை. போனைப் படுக்கையாகப் பிடித்து ஆடுவதாக மாற்றினார்கள், நகர்த்த ஜாய்ஸ்டிக் வந்தது, ஆண்ட்ராய்டு ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்தது, உலக லாஞ்ச் 2018 டிசம்பர் 12-இல்தான். ஒன்றரை வருஷம்! போனை எப்படிப் பிடிப்பது என்பதையே தலைகீழாக மாற்றும் தைரியம், ஆடுபவர்கள் குறைவாக இருக்கும்போதுதான் வரும். கோடிக்கணக்கான பேர் பழகிய பிறகு அதைச் செய்திருக்க முடியுமா?

படி 4: கதவைக் கொஞ்சமாகத் திறங்கள்

ஆப் என்றால், அதைச் செய்தவர்கள் ப்ளே ஸ்டோரில் வெளியிடப் பயன்படுத்தும் கூகுள் ப்ளே கன்சோலிலேயே இதற்கு வழி இருக்கிறது. முதல் வெளியீட்டில் எந்தெந்த நாடு என்று தேர்ந்தெடுக்கலாம். அதற்கப்புறம் வரும் அப்டேட்களை இத்தனை சதவீதம் பேருக்கு மட்டும் என்று விடலாம்: 5 என்று போட்டு, ஆப் எங்கே திடீரென்று நின்றுபோகிறது என்று சொல்லும் கிராஷ் ரிப்போர்ட்டைப் பார்த்து, சரியாக இருந்தால் 20, 50, 100 என்று ஏற்றுங்கள். ஏதாவது தப்பாகப் போனால் நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே அப்டேட் வாங்கியவர்கள் போனில் அந்தப் பதிப்பு அப்படியேதான் இருக்கும், பழையதற்குத் தானாகத் திரும்பாது. அதனால்தான் முதல் எண்ணைச் சின்னதாகப் போடச் சொல்கிறேன்.

ஹோட்டல் என்றால் பாதி மெனு, இரவு சாப்பாடு மட்டும், திறப்பு விழாவுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. அது போதும்.

படி 5: பெரிதாக்கு, திருத்து, அல்லது மூடு

மூடுவதையும் ஒரு நல்ல முடிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இதே சூப்பர்செல் ரஷ் வார்ஸ் கேமை 2019 ஆகஸ்டில் சில நாடுகளில் வெளியிட்டு, நவம்பரிலேயே நிறுத்திவிட்டது. உலகம் முழுக்க விளம்பரம் செய்துவிட்டு நிறுத்துவதோடு ஒப்பிட்டால் இதில் போன பணமும் பெயரும் கொஞ்சம்தான். ஆனால் உங்களை நம்பி முதலில் வாங்கியவர்களிடம் நேராகச் சொல்லி, மிச்சம் தர வேண்டிய பணம் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

படி 6: வார்த்தையைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

"அடுத்த மாதம் மதுரையில் மட்டும் சாஃப்ட் லாஞ்ச், பொங்கலுக்கு மாநிலம் முழுக்க." இது சரி.

"ஐம்பது பேருக்கு சாஃப்ட் லாஞ்ச் பண்ணியிருக்கிறோம், ரிப்பீட் ஆர்டரைப் பார்த்துவிட்டு விலையை முடிவு செய்வோம்." இது இன்னும் நல்லது, என்ன பார்க்கிறோம் என்பதும் உள்ளேயே இருக்கிறது.

"லாஞ்சுக்கு யாருமே வரவில்லை, அதனால் சாஃப்ட் லாஞ்ச் என்று போஸ்ட் போட்டுவிடலாம்." இப்படி வேண்டவே வேண்டாம். டிவியில் விளம்பரம் கொடுத்து, ஊரெல்லாம் பேனர் வைத்துவிட்டு, கூட்டம் வராததற்குப் பிறகு இந்தப் பெயரைச் சூட்டினால் முதலீடு போட்டவர் முதல் கேள்வியிலேயே கேட்டுவிடுவார்: "அப்படியென்றால் இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?"