கோலாலம்பூரில் ஸ்டடி கோர்டினேட்டர் வேலைக்குப் போவது எப்படி?

பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள் என்றால் பெயர் டாக்டருடையது, ஓட்டமெல்லாம் அந்த ஆய்வின் அன்றாட வேலைகளை ஒருங்கிணைக்கும் ஸ்டடி கோர்டினேட்டருடையது. அப்படிப்பட்ட மருத்துவமனைகள் இருக்கும் லெம்பா பந்தாய், செராஸ் பக்கம் இந்த வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பயோமெடிக்கல், மருந்தியல், தாதிமை, உயிரியல் போன்ற பட்டங்களைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். தாதிமை டிப்ளோமாவோடு வருபவர்களும் உண்டு, ரத்தம் எடுக்கத் தெரிந்த கைக்கு எங்கேயும் மதிப்புதான்.

அடுத்து ஜிசிபி (Good Clinical Practice, நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை) சான்றிதழ். மருந்துச் சோதனையில் நோயாளியின் பாதுகாப்புக்கும் தரவின் நம்பகத்தன்மைக்குமான விதிகள் இவை. பயிற்சியின் முடிவில் தேர்வு இருக்கும். வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் முன்பே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியின் வருகைகளைத் திட்டமிடுவது, ரத்த மாதிரியைச் சொன்ன நேரத்துக்குள் இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, உறைய வைத்து அனுப்புவது, தரவைக் கணினியில் ஏற்றுவது, ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் சார்பில் பதிவுகளைச் சரிபார்க்க வரும் கண்காணிப்பாளர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடுவது. தவறாக எழுதியதை ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். வெள்ளை மை தடவினால் தொலைந்தது. நோயாளிக்குக் கடுமையான பாதிப்பு என்று தெரிய வந்தால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்குத் தகவல் போயாக வேண்டும், அது சனிக்கிழமை ராத்திரியாக இருந்தாலும் சரி.

தமிழ் பேசும் நம் ஆட்கள் உண்மையிலேயே தேவைப்படுவது, ஆய்வில் சேரச் சம்மதம் என்று நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின்போதுதான். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி, "நீ சொன்னா சரிதான்மா, எங்க கையெழுத்து போடணும்?" என்பார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. மருந்து இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது, இந்த மூன்றையும் அவரே தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை பொறுமையாக உட்கார வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி வேண்டும். நீங்கள் ஆய்வுக் குழுவில் இருப்பதால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தச் சாட்சியாக முடியாது.

கடைசியாக ஒப்பந்தம். இதைத்தான் பலரும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். சம்பளம் பெரும்பாலும் ஆய்வு நிதியிலிருந்து வருவதால் வேலையும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். உங்கள் முதலாளி பல்கலைக்கழகமா, வேறு நிறுவனமா என்று முதலில் கேளுங்கள். தனியார் நிறுவனம் என்றால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி கூடுதல் நேர வேலை சேராமல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சவரம்பு, 2023 ஜனவரி முதல் அப்படித்தான். இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு நிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்பீடு) பிடித்தம் உண்டா, ஒரே சமயத்தில் எத்தனை ஆய்வுகள் தலையில் விழும், ஆய்வு பாதியில் நின்றால் சம்பளம் என்னாகும், இதையெல்லாம் நேர்காணலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.