வறுமை ஆய்வாளரை வளர்க்கையில் நெறியாளர் செய்யும் தவறுகள்

வறுமையையும் சமூக ஏற்றத்தாழ்வையும் ஆராய வரும் முனைவர் பட்ட மாணவருக்கு, முதல் ஆண்டிலேயே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் தரவை மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்து, ‘இதில் ஒரு தலைப்பைத் தேடிக்கொள்’ என்று சொல்லிவிடுவதுதான் நெறியாளர்களாகிய நாங்கள் அதிகம் செய்யும் தவறு. அந்த எண்களை யார், எந்தக் கேள்வி கேட்டு, எத்தனை முறை வீட்டுக்குப் போய்ச் சேகரித்தார்கள் என்பது மாணவருக்குத் தெரியாமலே போகிறது. அதன் ஒரு பகுதியான, வீட்டுச் செலவுகளைக் கேட்டறியும் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் 2022-23 முதல் ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்று கேட்கிறார்கள். 2011-12இல் அப்படி இல்லை. இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்து வறுமை இவ்வளவு குறைந்தது என்று எழுதிய வரைவுகளை ஆண்டுதோறும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒன்றிய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட, உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் உள்ள குறைகளைக் கொண்டு வறுமையை அளக்கும் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி கேரளத்தில் ஏழைகள் 0.55 விழுக்காடுதான். ‘அப்படியானால் இங்கே எதை ஆராய்வது?’ என்று கேட்கும் மாணவரும் உண்டு, அந்த எண்ணே பொய் என்று துள்ளும் மாணவரும் உண்டு. இருவரையும் அந்தக் குறியீட்டின் 12 கூறுகளையும் எழுதிக்கொண்டு ஏதாவது ஒரு தேயிலைத் தோட்ட லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போகச் சொல்வேன்.

மூணாறுப் பக்கம் ஒரு மாணவருடன் நானும் போயிருந்தேன். அவருடைய வினாத்தாளில் வீட்டைப் பற்றி இரண்டே கட்டங்கள்: சொந்தம், வாடகை. ஐம்பத்தேழு வயதான ஓர் அக்கா, “ரெண்டும் இல்ல தம்பி, இது கம்பெனி வீடு. அடுத்த வருசம் எனக்கு ரிட்டயர், அப்புறம் சாவியக் குடுத்துரணும்” என்றார். மாணவர் சற்றுத் தயங்கிவிட்டு, ‘வாடகை’ என்ற கட்டத்தில் குறியிட்டார். மின்சாரம், சமையல் எரிவாயு, வங்கிக் கணக்கு, பள்ளி செல்லும் பேரன் என எல்லாம் உள்ள அந்த வீட்டைக் குறியீடு ஏழை வீடாகக் கணக்கிடாது. வேலையோடு வீடும் போய்விடும் என்பதைப் பதிய அதில் இடமே இல்லை. ஆய்வுக்குரிய கேள்வி அந்த இடைவெளியில்தான் கிடந்தது. அதைக் கட்டத்துக்குள் அடக்கப் பழக்கியது நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாதி பற்றிய கேள்வியிலும் இதே கதைதான். 1950க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்குக் கேரளத்தில் பட்டியல் சாதிச் சலுகை கிடைப்பதில்லை. ஒரே லயத்தில், ஒரே சாதியில், ஒரு வீட்டில் சான்றிதழ் இருக்கும், அடுத்த வீட்டில் இருக்காது. சாதியையும் சான்றிதழையும் ஒரே கேள்வியாகக் கேட்கும் மாணவர் அடுத்த வீட்டாரைப் பொதுப் பிரிவில் எழுதிவிட்டு வந்துவிடுவார்.

யாரோடு போகிறோம் என்பதையும் நாம் சொல்லித் தருவதில்லை. மேலாளரின் அனுமதியோடு சூப்பர்வைசரை உடன் அழைத்துப் போனால் என்ன பதில் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தொழிற்சங்கத் தலைவரோடு போனால் தப்பில்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாறில் தோட்டத் தொழிலாளர் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் திரண்டபோது, அவர்களின் கோபம் சங்கத் தலைவர்கள்மீதும் இருந்தது. கொளுந்து பறிக்கும் நேரத்தில் போய் நிறுத்திப் பேசுவதோ அவர்களுடைய கூலியில் கைவைப்பதற்குச் சமம்.

ஏற்றத்தாழ்வை ஆராய்கிறோம் என்று சொல்லிவிட்டு ஏழைகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பது நெறியாளருக்கு வசதியான தவறு. கூலி, அரசும் நிறுவனங்களும் சங்கங்களும் உட்காரும் தோட்டத் தொழிலாளர் குழுவின் பேச்சுவார்த்தையில் முடிவாகிறது. லயத்தில் நாற்பது பேட்டி எடுத்த மாணவர், அந்த மேசையில் உட்காருபவர்களிடம் ஒரு பேட்டியாவது எடுத்திருக்க வேண்டும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழ் மாணவர் தமிழரிடம்தானே கேட்கிறார் என்று நானும் அலட்சியமாக இருந்தேன். ‘வருமானம் எவ்வளவு?’ என்றால் சிலர் கையில் வாங்கியதைச் சொல்கிறார்கள், சிலர் பிடித்தத்துக்கு முந்தியதைச் சொல்கிறார்கள். இப்போது என் மாணவர்கள் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள், ஆங்கிலத்தில் எழுதிய அத்தியாயத்தை ஒப்படைக்கும் முன் தமிழில் லயத்தில் படித்தும் காட்டுகிறார்கள். சென்ற முறை அப்படிப் படித்தபோது அதே அக்கா இடைமறித்தார்: “பிடித்தத்துல கரண்டு காச விட்டுட்டீங்களே, தம்பி.”